ஜூனில் பார்க்கலாம்

1

நம் பள்ளியின் பழைய மாணவர் மலருக்கு, வெளிநாட்டில் குடியேறியவர்கள் தங்கள் அனுபவங்களை எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். போன மலரில் ஒருவர் கனடாவில் பனி வாரிய கதையை எழுதியிருந்தார். இன்னொருவர் துபாய் வெயிலில் வெந்த கதையை எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பாக்கியமெல்லாம் இல்லை. நான் இருப்பது பெங்களூர் ஜோகுபாளையத்தில். திருப்பத்தூரில் பஸ் ஏறி ஜோலார்பேட்டையில் ரயில் பிடித்தால், வாங்கிய முறுக்கு தீர்வதற்குள் வந்து சேர்ந்துவிடலாம்.

ஆனாலும் என்னையும் வெளிநாட்டுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1991இல் கணவருக்கு இங்கே ஒரு தொழிற்சாலைக்கு மாற்றலாகி, மகள் ஷாலினியையும் இரண்டு டிரங்குப் பெட்டியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். ரேஷன் கார்டுக்காக ஒரு அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். அங்கிருந்த அதிகாரியிடம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கற்றுக்கொண்ட கன்னடத்தில் பணிவாகப் பேசினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுகிற கன்னடம் அது. அந்த வயதான மனிதரை நான் வாயார 'நீ, வா, போ' என்று பேசிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கார்டு வந்து சேர்வதற்குள் ஷாலினி கன்னடத்தில் கதை சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டாள். கனடாக்காரர் விசாவுக்கு இவ்வளவு காத்திருந்திருக்க மாட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சில வாரங்களுக்கு முன் நான் டீச்சராக இருக்கும் பள்ளியின் ஸ்டாஃப் ரூம் பலகையில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பூகோள டீச்சர் ஸ்டெல்லா மிஸ் ஓய்வு பெறுகிறார், ஏப்ரல் கடைசி வேலைநாளன்று வழியனுப்பு விழா என்று போட்டிருந்தது. அதைப் படித்துவிட்டு, என்னோடு சேர்ந்து பழைய டீச்சர்கள் எல்லாரும் வாய்விட்டுச் சிரித்தோம். ஒருத்தி, "இது நெஜமானதா?" என்று கேட்டாள். புதிதாகச் சேர்ந்த பெண்கள், ஐம்பத்தெட்டு வயது மனுஷி ஓய்வு பெறுவதில் என்ன சிரிப்பு என்று எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

2

எங்கள் பள்ளி காக்ஸ் டவுனில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் கரஸ்பாண்டென்ட் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறார், தமிழும் படிப்பார். இந்தக் கட்டுரை அவர் கண்ணில் பட்டால் கோபப்பட மாட்டார். பிழை கண்டுபிடிப்பார். அதுதான் அபாயம்.

நான் அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது இங்கே எல்லா டீச்சரும் 'மிஸ்' என்று தெரிந்துகொண்டேன். பேரன் எடுத்தவரும் மிஸ்தான். சேர்ந்த முதல் வருஷம் ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும், மாலை மூன்று மணிக்கு எல்லாரும் மண்டபத்துக்கு வரவேண்டும் என்றார்கள். போனேன். மேடையில் மாலைகள் அடுக்கியிருந்தன. தட்டுத் தட்டாக போண்டா வந்தது. கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்து, "இன்று நம்மை விட்டுப் பிரிகிற ஆசிரியைகள் மேடைக்கு வரவும்" என்றார். யாரோ பாவம் பிரிகிறார்கள் என்று நான் போண்டாவைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா மிஸ் என் முழங்கையை இடித்தார்.

"எழுந்திருங்க தனம். நம்மளத்தான் சொல்றாரு."

தலைமையாசிரியையையும் இன்னும் இரண்டொருவரையும் தவிர, மொத்த பேரும் மேடையேறினோம். எல்லாருக்கும் மாலை போட்டார். எல்லாரும் பிரிவுரை ஆற்றினோம். இந்தப் பள்ளியை என்றும் மறக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொருவரும் கடைசியில் ஒரே வாக்கியத்தைச் சொல்லி இறங்கினார்கள். "ஜூன்ல பாக்கலாம்."

ஏப்ரலில் எங்களை வேலையிலிருந்து அனுப்பிவிடுவார்கள். ஜூனில் புதிதாக எடுத்துக்கொள்வார்கள். இப்படிச் செய்தால் யாரும் நிரந்தர ஊழியர் ஆக முடியாது. எத்தனை வருஷம் வேலை பார்த்தாலும் நாங்கள் அந்த ஜூனில் சேர்ந்த புதுப்பெண்கள். இதைச் சத்தமில்லாமல் செய்கிற பள்ளிகள் நிறைய உண்டு. எங்கள் கரஸ்பாண்டென்ட் எதையும் முறையாகச் செய்கிறவர், அதனால் மாலை மரியாதையோடு செய்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மே மாதம் முழுக்க, சம்பளமில்லாமல், நாங்கள் பள்ளியில்தான் இருப்போம். வேலையை விட்டுப் போனவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்காதீர்கள். அட்மிஷன் நடத்துவோம், சுண்ணாம்பு அடிப்பவர்களை மேற்பார்வை பார்ப்போம், நூலகத்தைத் தூசி தட்டுவோம். யாரும் வரச்சொல்லி உத்தரவு போட்டதில்லை. வராதவர்கள் வீட்டுப் பக்கம் மே கடைசியில் முனிரத்தினத்தின் சைக்கிள் வராது. அவ்வளவுதான். முனிரத்தினம் எங்கள் பியூன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் மணியடித்து, "ஒண்ணாந்தேதி வரச்சொன்னாரு மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் நியமனம், பணி உத்தரவு எல்லாமே அந்தச் சைக்கிள் மணிதான்.

ஊரில் அரசு உதவி பெறும் பள்ளியில் வாத்தியாராக இருந்த என் அண்ணனிடம் இதைச் சொன்னபோது, கதை விடுகிறேன் என்று நினைத்தார். அவருக்கு மே மாதம் என்றால் மாமரத்தடியில் கட்டில், சம்பளத்தோடு.

3

கரஸ்பாண்டென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. வெள்ளைக்காரர்களின் கண்டோன்மெண்ட் காலத்திலிருந்து இங்கேயே இருக்கும் தமிழ்க் குடும்பம். பள்ளியைத் தொடங்குவதற்கு முன் கணக்கு வாத்தியாராக இருந்தவர். அதனால் வாத்தியார்களுக்கு வருகிற ஒரு நோய் அவருக்கு முற்றிய நிலையில் இருந்தது. தப்பாக ஒன்றைக் கேட்டுவிட்டால் திருத்தாமல் இருக்க முடியாது.

இந்த நோய் நம் எல்லாருக்கும் உண்டு. ஹோட்டல் பலகையில் கூட்டல் தப்பாக இருந்தால் நான் சாப்பாடு இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். ஸ்டெல்லா மிஸ் ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டில் இருந்த இரண்டு பேர் கோலார் எந்தத் திசையில் இருக்கிறது என்று பேசிக்கொண்டதைக் கேட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய் விளக்கிவிட்டு வந்தார்.

கரஸ்பாண்டென்ட்டிடம் நேராக எதைக் கேட்டாலும் பதில் வராது. "பார்க்கலாம்" என்பார். அதனால் ஸ்டாஃப் ரூமில் நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். ஆண்டு விழா எப்போது என்று தெரிய வேண்டுமா? அவர் வராந்தாவில் போகும்போது, "ஆண்டு விழா பத்தாந்தேதியாம்" என்று யாராவது சும்மா சொல்ல வேண்டும். உடனே திரும்பிப் பார்த்து, "பத்து இல்ல, பதினேழு" என்று சொல்லிவிட்டுப் போவார். புது மின்விசிறி வருமா என்பதைக்கூட இப்படித்தான் தெரிந்துகொண்டோம். அவரும் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. தப்பைத் திருத்திய திருப்தியில் இருப்பவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

4

ஸ்டெல்லா மிஸ்ஸின் வேலை போனதும் அதே நோயால்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு குடியரசு தினம். கொடியேற்றிவிட்டு கரஸ்பாண்டென்ட் பேசினார். பெற்றோர் எல்லாம் வந்திருந்தார்கள். நாட்டு ஒற்றுமையைப் பற்றிப் பேசிக்கொண்டே போனவர், ஆறுகளுக்கு வந்தார். காவிரி மைசூர் மாவட்டத்தில் பிறக்கிறது என்றார்.

நீங்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் அந்த ஆற்றின் பெயரைத் தமிழர்கள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்த காலம் அது. நாங்கள் வந்த வருஷமே தண்ணீர்த் தகராறில் ஊர் பற்றிக்கொண்டது. பஸ்ஸில் தமிழ் பேசாதே என்று கணவர் என்னைக் கெஞ்சினார். கடைத்தெருவில் ஷாலினிதான் எனக்காகக் கன்னடத்தில் பேசினாள், நான் ஊமை வேஷம் போட்டேன். அந்தப் பயம் உள்ளே இன்னும் இருந்தது.

ஸ்டெல்லா மிஸ்ஸுக்கும் இருந்தது. ஆனால் நோய் பயத்தைவிடப் பெரிது. டீச்சர்கள் வரிசையில் நின்றபடியே, வகுப்பில் பின்பெஞ்சுக்குக் கேட்கிற குரலில் சொன்னார். "கூர்க் சார். தலைக்காவேரி."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஒரு அப்பா கைதட்டினார். கரஸ்பாண்டென்ட் முகம் என்னவோ போலானது. "கரெக்ட்" என்றார். பேச்சைச் சுருக்கமாக முடித்தார்.

ஏப்ரலில் எல்லாருக்கும் போல அவருக்கும் மாலை விழுந்தது. மேயில் எல்லாரையும் போல அவரும் வந்தார். எல்கேஜிக்கு வரும் குழந்தைகளை மடியில் உட்காரவைத்து நிறம் கேட்பதும் பழம் கேட்பதும் வருஷா வருஷம் அவர் வேலை. அந்த வருஷமும் செய்தார். மே கடைசியில் முனிரத்தினம் சைக்கிளில் கிளம்பினார். காக்ஸ் டவுனில் ஒவ்வொரு வீடாக மணியடித்தார். ஸ்டெல்லா மிஸ் வீட்டைத் தாண்டும்போது மட்டும் மணியில் கை வைத்து அமுக்கிக்கொண்டு போனாராம். அவரே பிறகு என்னிடம் சொன்னார். சொல்லும்போது அழுதார்.

ஸ்டெல்லா மிஸ் கணவரை இழந்தவர். மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அவர் ஒருவர்தான். நாற்பத்தேழு வயதில் வேறு பள்ளிக்குப் போனால், முதல் கேள்வியே அங்கே ஏன் அனுப்பினார்கள் என்பதுதான். காவிரியால் என்று பதில் சொல்ல முடியுமா? ஜூன் ஒன்றாம் தேதி அவர் சேலை கட்டி, பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றிருக்கிறார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு குட்மார்னிங் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். 

5

எஸ்.டி.டி. பூத்திலிருந்து அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் ஆசிரியர் சங்கத்தில் ஊறியவர். "தர்ணா உக்காருங்க" என்றார். உட்கார்ந்தால் அடுத்த ஜூனில் எல்லார் வீட்டுக்கும் சைக்கிள் வராது என்றேன். "அப்ப கோர்ட்டுக்குப் போ. தனியார் ஸ்கூல் வாத்தியாருக்கு எல்லா ஊர்லயும் ஏதோ ஒரு சட்டம் இருக்கும். தேடு" என்றார்.

தேட வேண்டியிருக்கவில்லை. ஸ்டெல்லா மிஸ்ஸிடம் ஆறாம் வகுப்பு படித்த ரேணுகா, அல்சூரில் வக்கீலாக இருந்தாள். கன்னடக்காரப் பெண், எங்கள் பள்ளியில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். நாங்கள் போனபோது அவள் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். ஸ்டெல்லா மிஸ் உட்கார் என்று சொல்லும்வரை உட்காரவில்லை. கட்டணத்தைப் பற்றி வாயெடுத்ததும், "சும்னே இருங்க மிஸ்" என்று அடக்கிவிட்டாள்.

அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கர்நாடகத்தில் தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது. மாவட்ட நீதிபதி உட்கார்ந்து கேட்பார். குற்றச்சாட்டு எழுதிக் கொடுக்காமல், விசாரணை நடத்தாமல், ஒரு ஆசிரியரை வேலையை விட்டு நீக்கக் கூடாது. நீக்கினால் மூன்று மாதத்துக்குள் அங்கே மேல்முறையீடு செய்யலாம். இத்தனை வருஷம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அடிப்படை உரிமைகள் பாடம் நடத்தியிருக்கிறோம். எங்களுக்கும் ஒன்று இருப்பதை யாரும் பரீட்சைக்குக் கேட்காததால் நாங்கள் படிக்கவில்லை.

"ஆனா மிஸ், அவங்க நீக்கவே இல்லைன்னு சொல்வாங்க" என்றாள் ரேணுகா. "ஜூன்ல சேர்ந்தாங்க, ஏப்ரல்ல முடிஞ்சது, திருப்பி எடுக்கல. அஷ்டே, அவ்ளோதான். நீங்க தொடர்ச்சியா வேலை பார்த்தீங்கன்னு நாம காட்டணும். மே மாசம் வேலை செஞ்சதுக்கு ஏதாவது இருக்கா?"

ஒன்றும் இல்லை. மே மாதத்தில் வருகைப் பதிவு கிடையாது. பியூனைச் சாட்சிக்குக் கூப்பிடலாமா என்றால், அவர் வேலை போய்விடும். நான் வருகிறேன் என்றேன். ஸ்டெல்லா மிஸ் என்னைப் பார்த்த பார்வையில் வகுப்பே அடங்கிவிடும். "ஒரு வூட்ல அடுப்பு அணைஞ்சது போதும்" என்றார். பிறகு ரேணுகா எழுதிய மனுவைக் கையில் வாங்கி, பள்ளி இருக்கும் திசையைத் தப்பாகக் குறித்திருக்கிறாய் என்று திருத்தினார். ரேணுகா, "சாரி மிஸ்" என்றாள்.

6

கரஸ்பாண்டென்ட்டைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கும் நாள் வந்தது. அதைப் பார்க்காமல் நான் எப்படி இருப்பேன்? மகளுக்கு ஜுரம் என்று லீவ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், சிட்டி சிவில் கோர்ட் வளாகத்தில் அந்த அறையின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

கரஸ்பாண்டென்ட் கோட்டு போட்டு வந்திருந்தார். அவருடைய வக்கீல் நன்றாகப் பாடம் நடத்தி அனுப்பியிருந்தார் போல. ரேணுகா எதைக் கேட்டாலும் இரண்டு பதில்தான். "தெரியாது." "ஞாபகம் இல்லை." மே மாதம் டீச்சர்கள் வந்தார்களா? ஞாபகம் இல்லை. வரச்சொன்னது யார்? தெரியாது. ஸ்டெல்லாவை எத்தனை வருஷமாகத் தெரியும்? ஞாபகம் இல்லை. கடைசி பெஞ்சு மாணவன்கூட இவ்வளவு உறுதியாக ஒன்றும் தெரியாமல் இருந்ததை நான் பார்த்ததில்லை. நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மிஸ் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிக் கயிறாக்கிவிட்டார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கலைந்தோம். ரேணுகாவின் முகம் வாடிப்போயிருந்தது. அந்த மனிதர் இப்படியே முடித்துவிட்டால் நம் கையில் ஒன்றும் இல்லை என்றாள். அப்போதுதான் எனக்கு ஸ்டாஃப் ரூம் ஞாபகம் வந்தது.

"ரேணுகா, நீ அவர்கிட்ட கேள்வியே கேக்காத. தப்பா சொல்லு" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை. ஆண்டு விழா கதையையும் மின்விசிறிக் கதையையும் சொன்னேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஆறாம் வகுப்புக் குறும்பு திரும்பி வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அவள் எழுந்தாள். இங்கிலீஷும் கன்னடமும் தமிழுமாகக் கலந்து நடந்ததை நான் தமிழிலேயே தருகிறேன். ரொம்பச் சாதாரணமாக, கேள்வியே இல்லாத குரலில் ஆரம்பித்தாள். மே மாதம் முழுக்க உங்கள் பள்ளி பூட்டிக் கிடக்கும், அட்மிஷனெல்லாம் ஜூன் பாதிவரை அவசரமும் குழப்பமுமாக நடக்கும் என்றாள்.

கரஸ்பாண்டென்ட்டின் கழுத்து நரம்பு அசைந்தது. "யார் சொன்னது பூட்டியிருக்கும்னு? மே ரெண்டாவது வாரத்துக்குள்ள என் ஸ்கூல்ல மொத்த அட்மிஷனும் முடிஞ்சுடும்."

"அப்படியா சார். அப்ப அந்தச் சின்னக் குழந்தைங்களை உங்க வாட்ச்மேன்தான் பார்த்து எடுக்கறார்."

"வாட்ச்மேனா? என் ஸ்கூல்லயா?" அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வக்கீல் எழுந்து ஏதோ சொல்ல வந்தார். அவரை ஒரு கையால் உட்காரச் சொன்னார் கரஸ்பாண்டென்ட். "இருங்க சார், அவங்க தப்பா சொல்லிட்டிருக்காங்க. எல்லாம் டிரெயினிங் முடிச்ச டீச்சர்ஸ்மா. இதோ உக்காந்திருக்காங்களே ஸ்டெல்லா மிஸ், எல்கேஜி இன்டர்வியூ இவங்கதான் பண்றது. அழுத குழந்தைகூட இவங்ககிட்ட வந்தா பேசும். இந்த மே மாசமும் இவங்கதான் பண்ணாங்க. வாட்ச்மேனாம்."

நீதிபதி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஒவ்வொரு வருஷமுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒரு வருஷம்கூடத் தவறினதில்ல, யுவர் ஆனர்" என்றார் கரஸ்பாண்டென்ட் பெருமையாக.

அறையில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அவர் சொன்னது ஒவ்வொன்றும் தாளில் ஏறிக்கொண்டிருந்தது. கணக்கு வாத்தியார் அல்லவா, சொன்னதை எல்லாம் மனசுக்குள் கூட்டிப் பார்த்திருக்க வேண்டும். விடை வந்ததும் வாயை மூடிக்கொண்டார். அவருடைய வக்கீல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வெளியே வராந்தாவில் ரேணுகா குதிக்காத குறை. ஸ்டெல்லா மிஸ் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயிச்சாச்சு மிஸ், ஏன் அழறீங்க என்றேன்.

"அழுத குழந்தைகூட பேசும்னு சொன்னாரு பாத்தியா தனம். இத்தினி வருஷத்துல என்னப் பத்தி அந்த மனுஷன் நல்லதா பேசனது இன்னிக்குத்தான்."

அதற்குள் கரஸ்பாண்டென்ட் எங்களைத் தாண்டிப் போனார். என்னைப் பார்த்து நின்றார். பெண்ணுக்கு ஜுரம் என்று லீவ் போட்டீர்களே என்றார். ஆமாம் சார் என்றேன். "ஷாலினிய காலைல அசெம்ப்ளியில பார்த்தேனே" என்றார். பொய் சொல்கிறவள் புருஷனுக்கு ஜுரம் என்று சொல்லியிருக்கலாம், அவர் பள்ளியிலேயே படிக்கிற பெண்ணுக்கா சொல்வது?  தப்பைத் திருத்திய திருப்தி அந்த நேரத்திலும் அவர் முகத்தில் லேசாகத் தெரிந்தது. படியிறங்கிப் போய்விட்டார்.

அன்று இரவு கணவரிடம், நம் வீட்டுக்கும் இனிமேல் சைக்கிள் வராது என்று சொல்லிவிட்டேன்.

7

தீர்ப்பு வர சில மாதம் ஆனது. அதுவரை ஸ்டெல்லா மிஸ் வீட்டில் டியூஷன் எடுத்து ஓட்டினார். ஏப்ரல் பிரிவு வெறும் தோற்றம், அவர் தொடர்ந்து பணியில் இருந்தவர், விசாரணை இல்லாமல் அனுப்பியது செல்லாது, பழைய பணியோடு சேர்த்து மீண்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயம் சொன்னது. தை பிறந்து சில நாளில், பையை மாட்டிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தார். முனிரத்தினம் சைக்கிளைக் கேட்டுக்குள்ளேயே ஓட்டிவந்து, விடாமல் மணியடித்தார்.

அந்த ஏப்ரலும் வந்தது. பழக்கப்படி மூன்று மணிக்கு மண்டபத்துக்குப் போனோம். போண்டா வந்திருந்தது. மாலை வரவில்லை. கரஸ்பாண்டென்ட் மைக்கைப் பிடித்தார். "இன்று நம்மை விட்டு" என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். ஸ்டெல்லா மிஸ்ஸுக்குச் சொன்னது எல்லாருக்கும் பொருந்தும் என்று அவருடைய வக்கீல் புரியவைத்திருப்பார் போல. யாரும் எழுந்திருக்கவில்லை. மண்டபத்தில் அத்தனை பெண்களும் நாற்காலியில் பசை போட்டு ஒட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தோம்.

"எல்லாரும் டீ சாப்பிடுங்க" என்றார்.

அந்த மே மாதம் நான் ஷாலினியோடு திருப்பத்தூர் வந்து, அண்ணன் வீட்டு மாமரத்தடியில் கட்டில் போட்டுப் படுத்தேன். சம்பளத்தோடு.

அதற்குப் பிறகு கரஸ்பாண்டென்ட் கொடியேற்ற நாள்களில் ஆறுகளைத் தொடுவதில்லை. மலைகளைத் தொட வேண்டியிருந்தால் முந்தின நாளே ஸ்டெல்லா மிஸ்ஸைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்வார்.

8

ஷாலினி இப்போது பழைய மெட்ராஸ் ரோட்டுக்கு அப்பால் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையைக்கூட நான்தான் அவளுக்குப் படித்துக் காட்ட வேண்டும். காட்டினால் பாதியில், "மா, பாயின்ட்டுக்கு வா" என்பாள்.

அவள் வேலை ஒரு கம்பெனிக்கு, ஆனால் கணக்கில் அவள் வேறொரு கம்பெனியின் ஆள். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும், ஒரு வாரம் கழித்துப் புது ஒப்பந்தம் போடுவார்கள். முதல் தடவை இதைக் கேட்டபோது எனக்குப் போண்டா வாசனை வந்தது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, இப்போதெல்லாம் எல்லா இடத்திலும் இப்படித்தான், உங்கள் காலம் மாதிரி இல்லை என்று லேப்டாப்பைத் திறந்துவிடுவாள். கேள்வி கேட்டால் பதில் வராத வயது.

ஸ்டெல்லா மிஸ் விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அவள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் கல்லைப் பார்த்தபடி சும்மா சொன்னேன். "ஒரு விதத்துல உனக்கு நல்லதுதான். அந்த நடு வாரத்துல ஒரு வேலையும் இல்லாம ரெஸ்ட் எடுக்கலாம்."

"ரெஸ்ட்டா? யாரும்மா சொன்னது? அந்த வாரம்தான் வீட்லேர்ந்து ராத்திரி பகலா வேலை. ஒவ்வொரு தடவையும்."

சொல்லி முடித்ததும் அவள் கை தட்டிலேயே நின்றது. அவள் ஸ்டெல்லா மிஸ்ஸின் மாணவி. அந்த வழக்கின் கதையை நூறு தடவை கேட்டு வளர்ந்தவள். நான் இன்னொரு தோசை ஊற்றினேன். அதை எடுத்துப் போடும்போது, ரேணுகா ஆன்ட்டி இன்னும் அல்சூரில்தான் இருக்கிறாரா என்று கேட்டாள். விழாவுக்கு வருவாள், நீயும் வா என்றேன்.

வந்தாள்.

9

மண்டபம் நிறைந்திருந்தது. மாலை வந்திருந்தது. ஒன்றே ஒன்று, ரோஜா மாலை. போண்டாவும் அதே கடைதான். ரேணுகா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், தலையில் கொஞ்சம் நரை. அவள் பக்கத்தில் ஷாலினி குனிந்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். முனிரத்தினம் சைக்கிளை விட்டு ஸ்கூட்டருக்கு மாறிவிட்டார், ஆனாலும் வாசலில் நின்று ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கரஸ்பாண்டென்ட்டுக்கு இப்போது கைத்தடி உண்டு. அவர் கையாலேயே மாலை போட்டார். பள்ளியின் பெருமை, நேர்மை என்று பேசினார். ஊர், ஆறு எதையும் தொடவில்லை. கோர்ட்டையும் தொடவில்லை. அழுத குழந்தைகூட இவரிடம் பேசும் என்று மட்டும் மறுபடி சொன்னார். ஸ்டெல்லா மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

பிறகு அவர் பேச எழுந்தார். பூகோளப் பாடம் நடத்துகிறவர்களுக்குப் பேச்சு சுருக்கமாக வராது என்று நினைத்திருந்தேன். வந்தது. பிள்ளைகளுக்கு நன்றி சொன்னார், எங்களுக்குச் சொன்னார், கரஸ்பாண்டென்ட் சாருக்கும் சொன்னார். இந்தப் பள்ளியை என்றும் மறக்க மாட்டேன் என்றார். வருஷா வருஷம் அந்த மேடையில் நின்று சொன்ன அதே வார்த்தைகள். நாக்கு அதன் பாட்டுக்கு அடுத்ததையும் சொல்லிவிட்டது.

"ஜூன்ல பாக்கலாம்."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மைக்கைப் பிடித்தபடி நின்றார். கரஸ்பாண்டென்ட்டின் வாய் திறப்பதை நான் பார்த்தேன். பிறகு அவர் அதை மூடிக்கொண்டார். மண்டபம் முழுக்க டீச்சர்கள். ஒருவரும் திருத்தவில்லை.